ஆர்க் அணைந்த பிறகு

ஆர்க் வெல்டிங் செய்தவருக்குக் கண்வலி வேலை நேரத்தில் வருவதில்லை. மாலையில் கேபிளைச் சுருட்டி வைத்து, குளித்து, சாப்பிட்டு, அசந்து தூங்கத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. நள்ளிரவு தாண்டியதும் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல். இமையைத் திறந்தாலும் எரிகிறது, மூடினாலும் எரிகிறது. கண்ணீர் நிற்காமல் வழிகிறது. அறை விளக்கைப் போட்டால் தாங்க முடியவில்லை. பட்டறைகளில் ‘ஆர்க் அடித்துவிட்டது’ என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் வீடு கட்டும் வேலை ஓய்வதில்லை. பழைய தனி வீடு இடிந்து அடுக்குமாடி எழும்புகிறது, மொட்டை மாடியில் ஷீட் கூரை ஏறுகிறது, வாசலில் கேட் மாறுகிறது. கேட், கிரில், ரோலிங் ஷட்டர், படிக்கட்டுக் கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் வெல்டர் வேண்டும். இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறைகளே இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்து முடிக்கின்றன. பாதி வேலை பட்டறையில் நடக்கும். மீதி, தெருவிலும் போர்ட்டிகோவிலும் சாரத்தின் மேலும் நடக்கும்.

இந்தத் தொழிலின் ஆபத்துகளுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. அவை காலம் தாழ்த்தி வருகின்றன. கண் பாதிப்பு 6 முதல் 12 மணி நேரம் கழித்துத் தெரிகிறது. துத்தநாகப் புகை தரும் காய்ச்சல் அன்று இரவு வருகிறது. தீ, வேலையை முடித்துப் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றுகிறது. நுரையீரல் நோய்க்குப் பத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மின்சாரம்கூட, ஆர்க் எரியும்போது இருப்பதைவிட அணைந்திருக்கும்போதுதான் கூடுதல் அபாயமாக இருக்கிறது. காய்ச்சிய இரும்பைத் தெரியாமல் தொட்டவர் மறுமுறை தொடமாட்டார். கம்பிகளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டும் ‘டாக்’கை வெறுங்கண்ணால் அடித்தவர் மறுநாளும் அடிப்பார். செய்த காரியத்துக்கும் அதன் பலனுக்கும் நடுவே ஓர் இரவோ இருபது வருடமோ புகுந்துவிட்டால், அனுபவம் எதையும் கற்றுத்தராது. அந்த இடைவெளியை அறிவியலைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வெளிச்சம். வெல்டிங் ராடின் நுனியை இரும்பில் தொட்டுச் சற்றே விலக்கும்போது நடுவிலுள்ள காற்று மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாக மாறுகிறது. அதன் வெப்பநிலை சுமார் 6,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்போ ஏறக்குறைய 5,500 டிகிரி. இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும் என்பதால் ராடும் கம்பியும் நொடியில் குழம்பாகி ஒன்று சேர்கின்றன. இவ்வளவு சூடான பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அகச்சிவப்பையும் புறஊதாவையும் சேர்த்தே வீசுகிறது. சூரியனும் புறஊதாவை வீசுகிறது. ஆனால் அதில் மிகக் கொடிய பகுதியான 280 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட கதிர்களை வளிமண்டலமும் ஓசோன் படலமும் மேலேயே தடுத்துவிடுகின்றன. இன்று பூமியில் வாழும் உயிர்கள் அந்தக் கதிர்களோடு பழகியவையல்ல. வெல்டிங் ஆர்க் அதே கதிர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் உற்பத்தி செய்கிறது. இடையில் ஓசோன் படலம் எதுவும் கிடையாது.

புறஊதா கண்ணுக்குத் தெரியாது, படும்போது சுடவும் சுடாது. அதைக் கருவிழியின் மேல்தோல் செல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சிய செல்கள் உடனே சாவதில்லை. அவற்றின் உள்ளே ஏற்பட்ட சேதம் மெல்ல முற்றி, சில மணி நேரம் கழித்து அவை உரிந்து விழுகின்றன. அப்போதுதான் அடியிலிருக்கும் நரம்பு நுனிகள் வெளியே தெரிகின்றன. உடலிலேயே நரம்பு மிக அடர்ந்த இடங்களில் கருவிழியும் ஒன்று. இரவு இரண்டு மணிக்கு வரும் வலி, பகல் பதினொரு மணிக்குப் பட்ட கதிரின் கணக்கு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் புதுச் செல்கள் வளர்ந்து மூடிவிடுகின்றன, பார்வையும் தெளிகிறது. தானாகச் சரியாகிவிடுவதாலேயே அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

வெல்டிங் என்ற தொழில் பிறப்பதற்கு முன்பே இது மருத்துவ ஏட்டில் ஏறிவிட்டது. 1858இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் மார்ட்டின் சார்கோ, மின்சார ஆர்க்கை வைத்துச் சோதனை செய்த இரண்டு வேதியியலாளர்களின் தோலும் கண்ணும் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தார். காரணம் வெப்பமல்ல, ஒளியில் உள்ள ‘வேதியியல் கதிர்கள்’ என்று சரியாகவே கணித்தார். கார்பன் ஆர்க்கைக் கொண்டு உலோகத்தை இணைக்கும் முறைக்கு நிக்கோலாய் பெனார்டோசும் ஸ்தானிஸ்லாவ் ஓல்ஷெவ்ஸ்கியும் காப்புரிமை பெற்றது 1880களில்தான். இன்று பட்டறைகளில் புழங்கும் பூச்சுள்ள ராடுக்கு வழிகாட்டியவர் ஸ்வீடனின் ஆஸ்கார் ஷெல்பெரி, 1900களின் தொடக்கத்தில். கருவி வருவதற்கு முன்பே அதன் காயம் தெரிந்திருந்தது.

எவ்வளவு நேரம் பட்டால் கண் கெடும்? ஜப்பானில் ஒகுனோவும் அவரது சகாக்களும் கார்பன் டைஆக்சைடு வெல்டிங்கை அளந்து 2001இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆர்க்கிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து அனுமதிக்கத்தக்க நேரம் 3 முதல் 100 நொடிகள் மட்டுமே. ஒவ்வொரு முறையும் ஒரு நொடியாக நாளெல்லாம் அடிக்கும் ‘டாக்’குகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் இரவில் ஏன் வலிக்கிறது என்பது புரிந்துவிடும். தூரம் கூடக் கூடக் கதிரின் வலு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதே கதிர் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. தெருவில் நடந்து போகிறவர் ஒரு கணம் பார்த்துவிட்டால் பதற வேண்டியதில்லை. எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து, பள்ளி விட்டு வந்த பையன் பத்து நிமிடம் அந்த மின்னலை ரசித்துப் பார்ப்பதுதான் கவலைக்குரியது.

அதைவிடக் கவலை ஹெல்பரைப் பற்றியது. வெல்டர் கையில், கருப்புக் கண்ணாடி பதித்த முக மறைப்பான ஷீல்டு இருக்கிறது. கம்பி நகராமல் பிடித்துக்கொள்ளும் பையனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன, முகத்தின் முன்னே எதுவும் இல்லை. “கண்ண மூடிக்கோ தம்பி” என்ற ஒரு சொல்தான் அவனுக்குத் தரப்படும் பாதுகாப்பு. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வெல்டர் ஒரு நொடி முந்தினாலோ அவன் ஒரு நொடி பிந்தினாலோ கதிர் பட்டுவிடும். பக்கத்துச் சுவரிலும் பளபளப்பான தகட்டிலும் பட்டுத் தெறிப்பது வேறு. அவன் வெல்டரைவிட இளையவன், கூலியும் குறைவு, ஷீல்டு கேட்கும் தைரியமும் குறைவு. இந்தத் தொழிலில் முதலில் காப்பாற்றப்பட வேண்டியவன் அவன்தான்.

அவனுக்கு மலிவான ஒரு வழி இருக்கிறது. பாலிகார்பனேட்டில் செய்த நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி, கிரைண்டிங் செய்யும்போது போடுவதற்கென்று ஹார்டுவேர் கடைகளில் விற்பது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் கருவிழியைக் கெடுக்கும் புறஊதாவை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடும். பக்கவாட்டில் மறைப்புள்ளதாக இருந்தால் தற்செயலாகத் தெறிக்கும் கதிரிலிருந்து ஹெல்பரின் கருவிழி பெரும்பாலும் தப்பிவிடும். வெல்டரும் ஷீல்டுக்கு உள்ளே இதைப் போட்டுக்கொள்வது நல்லது. ஷீல்டைத் தூக்கிவிட்டு, ஒட்டின் மேல் படிந்த கசடான ஸ்லாக்கைச் சுத்தியலால் தட்டும்போதுதான் சூடான சில்லு கண்ணில் தெறிக்கிறது. ஆனால் இந்தத் தெளிவுக் கண்ணாடியோடு ஆர்க்கை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை, குறிப்பாக நீல ஒளியை, அது தடுக்காது. அந்த ஒளியைக் கண்ணின் லென்ஸ் குவித்து விழித்திரையில் போடுகிறது. அங்கே விழும் காயம் ஒன்றிரண்டு நாளில் ஆறுவதில்லை. பார்வையின் நடுவே நிரந்தரமாக ஒரு மங்கல் தங்கிவிடக்கூடும்.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வெல்டிங் கண்ணாடியின் கருமைக்கு ‘ஷேடு’ என்று ஓர் எண் இருக்கிறது. ஷேடு 11 என்றால் ஒளியில் ஏறக்குறைய 19,000இல் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஷேடு 10 என்றால் 7,000இல் ஒரு பங்கு. வீட்டு கிரில் வேலைக்கு ஓடும் 80 முதல் 120 ஆம்பியருக்கு 10 அல்லது 11 பொருத்தம். கடைத்தெருவில் வாங்கும் கூலிங் கிளாஸ் ஒளியில் பத்தில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. அதே கணக்கில் போட்டால் அது ஷேடு 3 அளவுக்குத்தான் வரும். 3க்கும் 11க்கும் உள்ள இடைவெளி இரண்டாயிரம் மடங்குக்கு மேல். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, வெல்டிங் கண்ணாடியில் பார்ப்பதானால் ஷேடு 14 வேண்டும் என்று அறிவியல் இயக்கத்தினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குச் சூரியனைப் பார்க்க இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த ஊரில், ஆண்டு முழுவதும் ஓர் ஆர்க்கின் முன்னால் வெறுங்கண்ணோடு உட்காருபவர்கள் இருக்கிறார்கள்.

ஷீல்டு இருந்தும் ஏன் போடுவதில்லை என்று வெல்டர்களைக் குறை சொல்வது எளிது. கருப்புக் கண்ணாடி வழியாக ஆர்க் எரியாதபோது எதுவுமே தெரியாது. ராடை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க ஷீல்டை விலக்க வேண்டும், பிறகு சரியான கணத்தில் முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கை ராடைப் பிடிக்கும் ஹோல்டரில், மறு கை ஷீல்டில் என்றால் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. சிறு சிறு ‘டாக்’குகளாக வேலை இருக்கும்போது ஷீல்டு இடைஞ்சலாகிவிடுகிறது. இந்த நியாயமான சிக்கலுக்கு விடையாகத்தான் தானாகக் கருக்கும் ஹெல்மெட் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ‘ஸ்பீட்கிளாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் கண்ணாடியில் திரவப் படிக அடுக்கு இருக்கிறது. ஆர்க் பற்றியதை உணர்ந்த கணத்தில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அது கருத்துவிடும். கருக்கும் முன்பும், பேட்டரி தீர்ந்தாலும், புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி அதில் நிலையாக இருக்கும். இரண்டு கையும் விடுதலை. ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டும் எட்டிய இந்த ஹெல்மெட், இன்று சாதாரண ரகத்தில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வலி வந்த இரவில் நடக்கும் வைத்தியம் வேறு கதை. உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டிக் கண்மேல் வைப்பார்கள். தாய்ப்பால் விடுவார்கள். குளிர்ச்சியால் உறுத்தல் கொஞ்சம் அடங்கலாம். ஆனால் மேல்தோல் உரிந்து கிடக்கும் கருவிழியில் கழுவாத கிழங்கும் கைபட்ட பாலும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தொற்று வந்தால் இரண்டு நாளில் ஆற வேண்டியது தழும்பாகி நிற்கும். இதைவிட மோசம், மரத்துப் போகச் செய்யும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி விடுவது. சொட்டு விட்டதும் வலி பறந்துவிடும், மறுநாள் வேலைக்கும் போகலாம். மருத்துவர் பரிசோதனைக்காக ஒருமுறை விடும் மருந்து அது. திரும்பத் திரும்ப விட்டால் புதுச் செல் வளர்வதைத் தடுத்துக் கருவிழியையே கரைத்துவிடக்கூடியது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணி, இருட்டறை, வலி மாத்திரை, காலையில் கண் மருத்துவர். ஒரு கண்ணில் மட்டும் வலி என்றால் தாமதிக்கவே கூடாது, அது ஆர்க் அல்ல, இரும்புத் துகளாக இருக்கலாம். 1819இல் தொடங்கி, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை, உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. சிட்லபாக்கத்துக்காரருக்கு அது ஒரு மின்சார ரயில் தூரம்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். வெல்டிங் மெஷினில் நூறு ஆம்பியர் ஓடுகிறது என்பதைக் கேட்டுப் பயப்படுபவர்கள் உண்டு, வோல்ட் குறைவு என்பதைக் கேட்டு அலட்சியப்படுபவர்களும் உண்டு. ஆர்க் எரியும்போது ஹோல்டருக்கும் இரும்புக்கும் இடையே 20 முதல் 30 வோல்ட்தான் இருக்கும். ஆர்க் அணைந்ததும் அது 70, 80 வோல்ட்டுக்கு ஏறிவிடும். ராடு மாற்றுவது அந்த நேரத்தில்தான். வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால், 80 வோல்ட்டில் 80 மில்லி ஆம்பியர் பாயும். மாறுமின்னோட்டம் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே பிடித்த கை விடாது. 50ஐத் தாண்டி ஒரு நொடி மார்பு வழியே பாய்ந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில், இரும்புச் சட்டத்தின் மேலே சாய்ந்து உட்கார்ந்து, நனைந்த பனியனோடு, வெறுங்கையால் ராடு மாற்றுபவரின் நிலை இதுதான்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண இடத்தில் மாறுமின்னோட்ட மெஷினுக்கு வேலையற்ற நிலையில் 80 வோல்ட் வரை அனுமதி. ஈரமான, நெருக்கடியான, சுற்றிலும் இரும்பு சூழ்ந்த இடத்தில் 48 வோல்ட்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்கள் பல இந்த இரண்டாவது வரம்புக்குள் வருவதில்லை. இன்னொன்றையும் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறோம், ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் என்று நம்புகிறார்கள். வெல்டிங் மெஷினின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் பிரித்துவிடுவதால், ஹோல்டர் பக்கம் அடிக்கும் ஷாக்கை ஆர்.சி.சி.பி. உணராது. மெஷினுக்கு வரும் வயரில் கசிவு இருந்தால் மட்டுமே அது காப்பாற்றும். அந்த வயரையும் பிளக் இல்லாமல் சாக்கெட்டில் நேராகச் செருகி, தீக்குச்சியால் இறுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிட்லபாக்கத்தின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது இப்படி இழுத்த வயர் ஈரத்தில் கிடக்கும். உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ, நிற்க ஒரு காய்ந்த மரப்பலகை, ராடு மாற்றும்போதும் கழற்றாத கையுறை ஆகியவையே இங்கே உயிர் காப்பவை. செருப்பும் லுங்கியும் அல்ல.

இனி புகை. சிட்லபாக்கத்தை ஒட்டிய ரயில் நிறுத்தத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சிகிச்சை இல்லம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் இன்று மூடிய ஷட்டருக்குள் வெல்டிங் புகை சூழ்ந்து நிற்கிறது.

பார்ப்பதற்குச் சாம்பல் நிறத்தில் எழும் அந்தப் புகை, கொதித்து ஆவியான உலோகம் காற்றில் மறுபடி உறைந்த துகள்கள். பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கு முடியிலோ தொண்டைச் சளியிலோ சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். முகத்தில் கட்டிய கர்ச்சீப்பின் இழைகளுக்கு நடுவே தாராளமாக நுழையும். கோவிட் காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான என்95 மாஸ்க் இந்தத் துகளைப் பிடிக்கும். ஓசோன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களைப் பிடிக்காது. அவற்றுக்குக் காற்றோட்டம் ஒன்றே வழி. குனிந்து உருகும் குழம்பின் நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டால் எந்தக் காற்றோட்டமும் உதவாது. பக்கவாட்டிலிருந்து மெல்ல வீசும் மின்விசிறி, புகை முகத்துக்கு வரும் முன்பே தள்ளிவிடும்.

மாடிக் கூரைக்கு ஜி.ஐ. பைப் பயன்படுத்துகிறார்கள். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருகுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். வெள்ளைப் புகையாக எழும் துத்தநாக ஆக்சைடை மூச்சில் இழுத்தவருக்கு நான்கைந்து மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மழைக்காலத்தில் தாம்பரம் பக்கம் டெங்குவும் வைரஸ் காய்ச்சலும் சுற்றிக்கொண்டிருக்கும்போது இதையும் அதுவென்றே நினைத்துவிட இடமுண்டு. தொடர்ந்து புகையில் இருப்பவரின் உடல் தற்காலிகமாகப் பழகிவிடும், ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் போய், திங்கள் வேலைக்கு வந்ததும் காய்ச்சல் மறுபடி வரும். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. பால் போவது இரைப்பைக்கு, புகை போவது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திக்க வழியில்லை. வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டுவதும், பிறகு அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிப்பதும் சரியான முறை.

எஸ்.எஸ். கேட் இப்போது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் இருக்கிறது. ராடு வெல்டிங்கின் புகையில் அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறுகிறது, அது புற்றுநோய் உண்டாக்குவது. கைப்பிடிகளுக்கும் கேட்டுகளுக்கும் அதிகம் வாங்கப்படும் 202 கிரேடில் நிக்கல் குறைத்து மாங்கனீசு 7.5 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கப்பட்டிருக்கும். மாங்கனீசு புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கை நடுக்கம், நடையில் தடுமாற்றம் என்று பார்க்கின்சன் நோயை ஒத்த அறிகுறிகள் வரும். எஸ்.எஸ். வேலைக்குப் பட்டறைகள் விரும்பும் ஆர்கான் வெல்டிங்கில் புகை குறைவு. புகை குறைவதால் புறஊதா தடையின்றிப் பாய்கிறது, ஓசோனும் கூடுகிறது. புகை தெரியவில்லை என்பதால் மாஸ்க்கும் காற்றோட்டமும் தேவையில்லை என்று கொள்வது தவறு.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989இல் வெல்டிங் புகையைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்திருந்தது. 2017இல் கூடிய அதன் வல்லுநர் குழு, சாதாரண இரும்பா எஸ்.எஸ்.ஸா என்ற வேறுபாடே இல்லாமல், எல்லா வெல்டிங் புகையையும் முதல் பிரிவுக்கு, அதாவது புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவுக்கு, மாற்றியது. வெல்டிங்கின் புறஊதாவையும் அதே பிரிவில் சேர்த்தது. உலகில் வெல்டர் என்ற பெயரில் வேலை செய்பவர்கள் சுமார் 1.1 கோடி, வேறு பெயரில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் புகைக்கு ஆளாகிறவர்கள் சுமார் 11 கோடி என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு. ஹெல்பர் அந்த 11 கோடியில் இருக்கிறான். 2019 தொடக்கத்தில் பிரிட்டன், சாதாரண இரும்பு வெல்டிங்குக்கும் புகை உறிஞ்சியோ மூச்சுக் காப்போ கட்டாயம் என்று விதியை இறுக்கியது.

தீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஓர் உதாரணம் போதும். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டசல்டார்ஃப் விமான நிலையத்தில், முனையத்தின் மேலே செல்லும் சாலையின் இணைப்பில் வெல்டிங் நடந்தது. உருகிய துளிகள் கீழே இடுக்கில் விழுந்து, கூரைக்குள் வெப்பத்தடுப்புக்காக வைத்திருந்த தெர்மகோலைப் பற்றவைத்தன. 17 பேர் இறந்தார்கள். வெல்டர்களின் கண்ணுக்கு அந்தத் தெர்மகோல் தெரியவே இல்லை. தீப்பொறி 11 மீட்டர் வரை போகும் என்று கொண்டே அமெரிக்கத் தீத்தடுப்பு விதி எழுதப்பட்டிருக்கிறது. வேலை முடிந்த பிறகு ஒருவர் அங்கேயே ஒரு மணி நேரம் காவல் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. காலி டிரம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைந்த டீசல் டிரம்மைவிடக் காலி டிரம் ஆபத்தானது, உள்ளே ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதாகக் கலந்து நிற்கும். தின்னரோ டீசலோ இருந்த டிரம்மைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங்கோ கட்டிங்கோ செய்யக் கூடாது என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே சொன்னது.

அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு கண்ணைக் காக்கச் சொன்னது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கொள்ளப்பட்டது. 2020ஆம் ஆண்டுப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியிருக்கிறது. மூன்று பேர் வேலை செய்யும் கிரில் பட்டறையை எந்த ஆய்வாளரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. தமிழ்நாட்டுக்கு வெல்டிங் அறிவில் பஞ்சம் கிடையாது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். 1955 முதல் முழுக்க வெல்டிங்கால் இணைத்த ரயில் பெட்டிகளைச் செய்கிறது. திருச்சி பி.எச்.இ.எல். வளாகத்தில் 1975இலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் ஓராண்டில் இந்தத் தொழிலைப் பாதுகாப்போடு கற்கலாம். அந்த அறிவு பெரிய மதில்களுக்குள் நின்றுவிட்டது. தெருப் பட்டறைக்கு வந்து சேரவில்லை.

அங்கே வந்து சேர இப்போதைக்கு இருக்கும் ஒரே வழி, வேலை கொடுப்பவர். கிரில் வேலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் எழுதுகிறார்கள். பெயின்டுக்கும் வண்டிச் சத்தத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. ஹெல்பருக்கு ஒரு கண்ணாடி, இரண்டு பேருக்கும் என்95 மாஸ்க், தெருப்பக்கம் மறைக்க ஒரு கெட்டித் தார்ப்பாய், சாக்கெட்டுக்கு ஒழுங்கான பிளக் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வது வீட்டுக்காரரால் முடியும். ஒரு எஸ்.எஸ். கேட்டின் விலையில் அது மிகச் சிறிய பங்கு. கேட்டதும் வெல்டர் மறுக்கமாட்டார், கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் இதுவரை குறை. மாலையில் அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, வேலை நடந்த இடத்தில் மரத்தூள், துணி, தெர்மகோல், திரைச்சீலை எங்காவது புகைகிறதா என்று மணல் வாளியோடு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பொறுப்பு வீட்டில் இருப்பவர்களுடையது.